சோறூட்டும் கையில் போன் எதற்கு?

தென்காசி, குற்றாலம் பக்கத்து அண்ணாச்சிமாருக்கும் ஆச்சிமாருக்கும் தாய்மாருக்கும்,

இந்தச் சீசனுக்கு ஊருக்கு வந்து சிங்கப்பூர் திரும்பியதிலிருந்து மனசு ஆறவில்லை. ஐந்தருவிப் பக்கம் உட்கார்ந்துகூட, போனைக் காட்டினால்தான் இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு இறங்குகிறது. நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய குறை இல்லை என்பேன். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. பிள்ளை ஒரு சத்தம் எழுப்பினால் நாம் பதில் பேசுவதும், அது கை நீட்டியதன் பெயரைச் சொல்லிக் கொடுப்பதும்தான் அந்த வளர்ச்சிக்குத் தீனி. போனில் ஓடும் பாட்டு பிள்ளைக்குப் பதில் சொல்லாது. சிங்கப்பூரில் 2009-ல் தொடங்கிய கஸ்டோ ஆய்வில், ஒரு வயதிலேயே அதிகம் திரை பார்த்த பிள்ளைகளிடம் ஒன்பது வயதில் கவனக்குறைவு தெரிந்தது. திரை ஒன்றுதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் 18 மாதம் வரை திரையே வேண்டாம் என்று 2025-ல் இங்குள்ள சுகாதார அமைச்சு அறிவுறுத்திவிட்டது. சந்தேகம் இருக்கும்போதே பிள்ளையைக் காப்பதுதானே முறை?

பீடி சுற்றுகிறவளுக்கு விளையாட்டுக் காட்ட ஏது நேரம் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சுளகில் ஓடுவது கை. வாய் சும்மாதான் இருக்கிறது. புகையிலைத் தூள் படாத தூரத்தில் பிள்ளையை உட்காரவைத்துக் கதை பேசலாமே. காசு வேண்டும் என்பதும் சரியில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986 வாக்கில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்கு இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டில் செய்த பொம்மைகளை வைத்து விளையாடத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், அந்த உதவி கிடைக்காதவர்களுடையதைவிட 25 சதவீதம் கூடுதல். நமக்கோ 1975 முதல் அங்கன்வாடித் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியை வெறும் சத்துமாவு வாங்கும் இடமாக நினைக்காதீர்கள்.

ஊரை விட்டுப் போனவருக்கு உபதேசம் எதற்கு, உங்கள் பேரப்பிள்ளைகளே ஆச்சியைப் போனில்தானே பார்க்கிறார்கள் என்று கேட்டால், தலை குனிய வேண்டியதுதான். பூங்கா, நூலகம் எல்லாம் எங்களுக்கு இங்கே பக்கத்திலேயே கிடைக்கிறது. சோறூட்ட ஆச்சி இல்லை. வீடியோ அழைப்பில் மறுபக்கம் பதில் பேசும் ஆளாவது உண்டு என்பதால்தான் இங்குள்ள அமைச்சின் அறிவுரை அதற்கு மட்டும் விலக்குத் தருகிறது. உங்களுக்கோ பதில் பேசும் ஆள் வீட்டுக்குள்ளேயே உண்டு. அண்ணாச்சிமாரே, சோறூட்டுவதைத் தாய் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

இன்று ராத்திரிச் சோற்றுக்குப் போனை எடுக்காதீர்கள். முதல் சில நாள் பிள்ளை அழும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்க்காரன்