அவனுக்குள் ஒரு சால்மன்!

இந்த வாரம் சமையல் குறிப்பு. உடனே பக்கத்தைப் புரட்டி சினிமாச் செய்திக்கு ஓடாதீர்கள். வெந்நீர் போடவும், கடிகாரம் பார்க்கவும் தெரிந்த எந்த ஆண்மகனும் செய்யக்கூடிய சமாசாரம்தான். எனக்கே வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

2023 ஜூலை. ஆபீஸ் என்னை நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர். சுற்றிலும் மலை, எதிரே கடல், நடுவில் குடையோடு நான். அம்மா தவறி எட்டு மாசம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்தில் அப்பா ஒண்டியாக இருந்தார். "ஒரு மூணு மாசம் இங்கே வந்து இருங்கப்பா" என்று நாலு தடவை சொன்னதற்கு நாலு தடவையும் "பார்க்கலாம்" என்றவர், அஞ்சாவது தடவை ஏனோ "சரி" என்றார். எனக்கே ஆச்சரியம்.

அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். எதையும் ஒரு வரியில் குறிப்பெழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலை மூடிவிடுவார்.

"ஃபிளைட் எப்படிப்பா இருந்துது?"

"இருந்துது."

"ஊர் பிடிச்சிருக்கா?"

"மழை பெய்யுது."

அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம். திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் சாயங்காலமே முடியலை. அதுக்குள்ள என்ன ராத்திரிச் சாப்பாடு?" என்பார். அப்புறம் ரெண்டு கரண்டி மோர் சாதம், ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். காலையில் ஒரு இட்லி. கேட்டால், "வயசாச்சுடா. இவ்வளவுதான் பசி" என்பார்.

மூணாவது வாரம் துணி துவைக்கப் போட எடுத்தபோது அவருடைய பெல்ட் கையில் வந்தது. கடைசி ஓட்டைக்கு அப்பால் புதிதாக ஒரு ஓட்டை. ஆணியாலோ என் முள்கரண்டியாலோ அவரே குத்தியது. விளிம்பெல்லாம் பிசிறு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அது அதைவிடப் புதுசு. பெல்ட்டை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன், அம்மா வைக்கிற மாதிரி மீன் குழம்பு வைத்துவிடுவது என்று.

அம்மாவின் குழம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படி வைக்கிறது என்றுதான் தெரியாது. அம்மா எதற்கும் அளவு சொன்னதில்லை. "கொஞ்சம்", "லேசா", "கண்ணால பாரு" - இந்த மூணுதான் அவளுடைய தராசு. மீனுக்குப் பெர்கனில் பஞ்சமே இல்லை. கடையில் வஞ்சிரம் கிடையாது, கொடுவா கிடையாது. ஆரஞ்சுக் கலரில் சால்மன்தான் அடுக்கி வைத்திருந்தது. (நம்ம ஊரில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று எழுதி விற்கிறார்கள். இதற்கும் அதற்கும் தாயாதி உறவுகூடக் கிடையாது. விலையைக் கூட்ட ஒரு செல்லப்பெயர்.) விலையை நம்ம ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பசி போய்விடும்.

அப்பா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டா, சாயம் போட்டிருக்கானா?"

அது ஒரு நியாயமான சந்தேகம். காட்டு சால்மன் இறாலும் அதன் சின்னச் சொந்தக்காரர்களும் தின்கிறது. அவற்றில் இருக்கிற அஸ்டாக்சாந்தின் என்ற பொருள்தான் சதையில் ஏறி இந்த நிறம் தருகிறது. பண்ணை மீனுக்கு அதே பொருளைத் தீனியில் கலந்து போடுகிறார்கள். போடாவிட்டால் சதை வெளுத்துப் போய் இருக்கும். கடையில் இருப்பது பெரும்பாலும் பண்ணை மீன்தான். 1970ல் ஹித்ரா என்ற தீவில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் கடலிலேயே கூண்டு கட்டி வளர்த்துக் காட்டினார்கள். இன்றைக்கு உலகத்தில் வளர்க்கிற அட்லாண்டிக் சால்மனில் ஏறக்குறைய பாதி நார்வேயில்தான். மீன் பேன் தொல்லை, கடல் கெடுகிறது என்று அந்த ஊரிலேயே இதற்கு எதிர்ப்பும் உண்டு. இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப சாயம்னும் சொல்ல முடியாது, சாயமில்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் அப்பா. "பெண்டிங்."

குழம்பு வைத்தேன். புளி கரைத்து, வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், வெந்தயம் எல்லாம் வரிசைப்படிதான். மீனைப் போட்டு, அம்மா நிற்கிற மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் புகை மணி அலறியது. பக்கத்து ஃபிளாட்டுக்காரர் கதவைத் தட்டி, ரொம்ப மரியாதையாக, யாருக்காவது ஆபத்தா என்று விசாரித்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சட்டியில் மீனைக் காணோம்! கரைந்து, குழம்போடு குழம்பாகி, மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. அந்த எண்ணெய் நான் ஊற்றியது இல்லை.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். ரெண்டாவது வாய் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு."

தாலுகா ஆபீஸ் பாஷையில் இதற்கு 'மனு தள்ளுபடி' என்று அர்த்தம். மோர்ப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் போய் நின்றது ஒரு தமிழ் மளிகைக்கடையில். எண்பதுகளின் கடைசியில் அகதிகளாக நார்வேக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் பலருக்கு வடக்கே ஃபின்மார்க் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில்தான் முதல் வேலை கிடைத்தது. பனியும் இருட்டுமாக உலகத்தின் உச்சந்தலையில் இருக்கிற ஊர்கள். கடைக்காரரும் அங்கே ஆறு வருஷம் கத்தி பிடித்தவர். நல்ல மீன் குழம்புத்தூள் வேண்டும் என்று கேட்டு, நடந்ததையும் சொன்னேன்.

"தம்பி, குறை நினையாதேங்கோ" என்றார். "உந்த மீன் கொழுப்பு மீன். புளி விட்டுக் கொதிக்க வைச்சு, கிண்டவும் கிண்டினால் கரைஞ்சு போயிடும். கை பழகின ஆக்கள் வைப்பினம். உங்களுக்கு வேண்டாம். பேசாமல் அவனுக்குள்ள வையுங்கோ. மேல ஒலிவும் இலையும் கொத்திப் போடுங்கோ. பன்னிரண்டு நிமிஷம். தூளைத் தொடாதேங்கோ."

தூள் விற்கிறவரே தூள் வேண்டாம் என்கிறார்! ஐந்து நிமிஷம் நின்று செய்முறை கேட்டுக்கொண்டேன். கொழுப்பு விஷயம் உண்மைதான். பண்ணை சால்மனில் நூறு கிராமுக்குப் பதிமூணு கிராம் அளவுக்குக் கொழுப்பு. அதற்கு எண்ணெயும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். அதன் கொழுப்பை வெட்டுகிற மாதிரி உப்பும் புளிப்பும் கொஞ்சம் கசப்பும் மேலே இருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து, "அப்பா, இன்னிக்கு மீனை அவனுக்குள்ளே வைக்கப் போறேன்" என்றேன்.

"எவனுக்குள்ளேடா?"

சுவரோரம் இருந்த அவனைக் காட்டினேன். மூணு வாரமாக அதைத் துணி காயப்போடுகிற மிஷின் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இனி பேச்சிலர் பெருமக்கள் பேனாவை எடுத்துக்கொள்ளலாம். தோலோடு நூற்றைம்பது கிராம் துண்டு நாலு. ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மீன் சுடாது, அவிந்துபோகும். உப்பு சும்மா ஒரு சிட்டிகை. மேலே வரப்போகிற ஆலிவே உப்புக்காரன்.

ஆலிவைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்திலிருந்து பறித்துக் கடித்தால் வேப்பங்காய் தோற்றது, அவ்வளவு கசப்பு. வாரக்கணக்கில், மாசக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறித்தான் மனுஷன் வாயில் வைக்கிற பதத்துக்கு வருகிறது. நம்ம உப்பு நார்த்தங்காய்க்கு வெளிநாட்டுப் பங்காளி. பச்சை ஆலிவ், கறுப்பு ஆலிவ் ரெண்டும் ஒரே காய்தான், கறுப்பு பழுத்தது. ஆனால் டின்னில் ஒரே சீராகப் பளபளக்கிற கறுப்பு இருக்கிறதே, அது பல சமயம் பழுக்காத காயைக் காற்றூட்டிக் கறுக்க வைத்து, நிறம் போகாமலிருக்க இரும்புச் சத்து உப்பைச் சேர்த்தது. அதாவது டை. எங்கள் ஆபீஸ் மேனேஜர் மாதிரி. சுருக்கம் விழுந்த, கொட்டையோடு இருக்கிற ஆலிவாக வாங்கி நீங்களே கொட்டை எடுங்கள். பதினைந்து, இருபது போதும்.

அதோடு ஒரு கைப்பிடி பார்ஸ்லி இலை, கொஞ்சம் டில், ஒரு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் கேப்பர் - இது ஒரு பூமொட்டு ஊறுகாய். எலுமிச்சையின் மஞ்சள் தோலை லேசாகச் சீவி, பாதி மூடி சாறு பிழிந்து, ரெண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். எல்லாவற்றையும் கத்தியால் கொத்துங்கள். மிக்சியில் போட்டால் சட்னி ஆகிவிடும், அப்புறம் அதற்கு இட்லிதான் தேடணும். பிரான்ஸில் இதையே நெத்திலி ஊறுகாயும் சேர்த்து அரைத்து தப்பேனாட் என்கிறார்கள். 1880ல் மார்செய் நகரத்து சமையல்காரர் ஒருவர் கண்டுபிடித்ததாகச் சொல்லுவார்கள். பெயரில்தான் தப்பு, ருசியில் இல்லை.

அவனை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடு பண்ணுங்கள். கொத்தியதில் பாதியை மீன் மேல் அப்பி, பன்னிரண்டு நிமிஷம். மீதிப் பாதியை வெளியே எடுத்தபின் போடணும், இலையின் வாசனை அப்போதுதான் நிற்கும். முள்கரண்டியால் லேசாக அழுத்தினால் சதை இதழ் இதழாகப் பிரியணும். மீனிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிகிறது என்றால் பயம் வேண்டாம், அது புரதம். ஆனால் நிறையக் கசிந்தால் நீங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம்.

இந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் கஷ்டம். கிண்ட ஒன்றும் இல்லை, கிளற ஒன்றும் இல்லை. என் கை ரெண்டு தடவை மிளகாய்த்தூள் டப்பா வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. கண்ணாடி வழியாக மீனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எப்போது வந்தாரோ, அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டில் சோறு இல்லை. அவித்த உருளைக்கிழங்கும் மீனும்தான். அப்பா மோர்ப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டார். இலையை முகர்ந்தார்.

"இது என்னடா, சதகுப்பை வாசனை?"

"டில்னு சொல்வாங்கப்பா."

"சதகுப்பைதான். பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கிற மருந்தை எனக்குப் போட்டிருக்கியே!"

ஒரு வாய் எடுத்தார். ஒரு ஆலிவைத் தனியாகப் பொறுக்கி வாயில் போட்டு, யோசித்து, முழுங்கினார். இன்னொரு வாய். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே இதழ் இதழாகப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். துண்டு காலியானது. தோலையும் மடித்து உள்ளே தள்ளினார்.

"உங்கம்மாவுக்கு இது பிடிச்சிருக்காது" என்றார் திடீரென்று.

வந்து மூணு வாரத்தில் அம்மா பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு வாய் எடுத்துட்டு, 'புளி எங்கே?'ன்னு கேட்டிருப்பா. அப்புறம் தட்டோட அடுப்பங்கரைக்குப் போயி, இதை எடுத்துக் குழம்புல போட்டிருப்பா. ஒருதரம் நான் ஆசையா கோழி வறுவல் வாங்கிட்டு வந்தேன், தெரியுமா? கல்யாணமான புதுசு. அதைக் கழுவிட்டா! தண்ணியில போட்டு, மசாலாவை எல்லாம் கழுவிட்டு, அவ மசாலாவைப் போட்டா..."

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்தக் கோழி கதையின் மிச்சம், நாகூர் கந்தூரிக்குப் போய் அம்மா தொலைந்துபோன கதை, முதல் சம்பளத்தில் வாங்கிய புடவையை அவள் நாலு வருஷம் கட்டாமலே பெட்டியில் வைத்திருந்த கதை. ஜன்னலில் வெளிச்சம் இருந்ததால் மணி தெரியவில்லை.

கதைக்கு நடுவில் ஒரு தடவை காலித் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலு துண்டு வாங்கினேன்னியே. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மீதி ரெண்டு?"

"நாளைக்கு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு டப்பாவில போட்டு வெச்சேம்பா."

"ஆபீசுல கேன்டீன் இருக்குல்ல?" என்றார் அப்பா. "கொண்டா இங்கே."