ராமென் உண்டு, மையவாடி இல்லை

ஜப்பானுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு, முன்பே போய்ச் சேர்ந்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒரேயொரு சித்திர எழுத்து. ‘புத்தா’ என்று படிக்க வேண்டும். பன்றி என்று பொருள். வேறு சொல்லோடு சேர்ந்தால் அதே எழுத்து ‘தொன்’ என்று ஒலிக்கும். அதைக் கண்டுகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். அது வெறும் அரிச்சுவடி என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ரொட்டிப் பொட்டலத்தின் பின்பக்கம் ‘ஷார்ட்டனிங்’ என்றிருக்கும். அந்தக் கொழுப்பு செடியிலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பது பெரும்பாலும் இருக்காது. ‘நியூகசாய்’ என்றிருக்கும், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் வைத்திருக்கும் பால்மமாக்கி அது. சோயாவிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் பன்றிக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். உருளைக்கிழங்கு வறுவலின் மசாலாத் தூளில் பன்றிச் சாறு இருக்கலாம், மிட்டாயில் ஜெலட்டின் இருக்கலாம். இறைச்சியே இல்லாத பண்டத்தில்தான் சந்தேகம் அதிகம்.

இந்த இருட்டில் அவர்களுக்குக் கைவிளக்காக இருப்பது, அவர்களை நினைத்தே பார்க்காமல் போடப்பட்ட ஒரு விதி. ஒவ்வாமை உள்ளவர்களுக்காக, பொட்டலத்தில் குறிப்பிட வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றை ஜப்பான் வைத்திருக்கிறது. கோதுமை, முட்டை, பால் போன்றவை கட்டாயம். பன்றி இறைச்சியும் ஜெலட்டினும், கட்டாயம் இல்லாவிட்டாலும் குறிப்பிடுவது நல்லது என்ற வரிசையில் இருக்கின்றன. யாருடைய தோல் தடிப்புக்காகவோ அச்சிட்ட வரி, இன்னொருவரின் ஈமானுக்கு உதவுகிறது. பிறகு இந்தப் பட்டியலுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இந்தச் சிக்கலே கிடையாது. பாய் கடையில் கறி வாங்கும் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. வெட்டுகிறவரைத் தெரியும், அவர் அப்பாவையும் தெரியும், பிஸ்மி சொல்லித்தான் அறுத்திருப்பார், பேச்சு முடிந்தது. ஊரில் ஹலால் என்பது ஆளை நம்புவது. ஊரைத் தாண்டினால் எழுத்தை நம்ப வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் அந்த எழுத்துக்கு ஒரே கையொப்பம்தான்: முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்று வழங்கிவருகிறது, அதற்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. ஜப்பானில் அரசு இதில் கை வைப்பதில்லை. சங்கங்கள், அறக்கட்டளைகள், நிறுவனங்கள் என்று பல தனியார் அமைப்புகள் ஆளுக்கொரு முத்திரையோடு சான்று தருகின்றன. சிலவற்றை மலேசிய அரசின் சமயத் துறையான ஜாகிம் ஏற்றுக்கொள்கிறது, மற்றவற்றை ஏற்பதில்லை. வந்து இறங்கியவருக்கு ஆளும் தெரியாது, எழுத்தும் தெரியாது.

கடல் சூழ்ந்த நாடுதானே, மீனைத் தின்றுவிட்டுப் போகலாமே என்பார்கள். போகலாம், ஆனால் மீனை எதில் வேகவைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் இனிப்பும் மினுமினுப்பும் மிரின் தருவது. அது அரிசியிலிருந்து எடுக்கும் ஒருவகை மது; அசல் மிரினில் ஆல்கஹால் ஏறக்குறைய 14 விழுக்காடு. சாக்கே என்னும் அரிசி மது சேர்க்காத குழம்பு அரிது. சோயா சாஸ் நொதிக்கும்போதே தானாகக் கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். கெடாமல் இருக்கத் தனியாகச் சேர்ப்பவர்களும் உண்டு. தானாக ஊறியது வேறு, ஊற்றியது வேறு என்பது ஒரு தரப்பு. போதை தராத அளவுக்கு விலக்கில்லை என்பது இன்னொரு தரப்பு. சந்தேகம் என்றால் விட்டுவிடு என்பது மூன்றாவது. மத்ஹபுகள் என்னும் சட்ட வழிகளின் கணக்கு தனி. ஷாஃபி வழியில் வந்த காயல்பட்டினத்துக்காரர் கணவாயையும் நண்டையும் யோசிக்காமல் எடுத்து வைத்துக்கொள்வார். ஹனஃபி வழியில் வளர்ந்த ராவுத்தர் வீட்டுப் பையன் அதே சுஷித் தட்டில் மீனை மட்டும் பொறுக்குவான். ஹலால் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை அறைகள் இருப்பதை விளம்பர நிறுவனங்கள் கவனிப்பதில்லை. (கூடப் போகும் சைவ நண்பரின் பாடு இதைவிட மோசம். அங்கே காய்கறிச் சூப்பின் அடியிலும் மாசிதான்.)

ஜப்பானிய நிறுவனங்களுக்கு ஹலால் பாடம் முதலில் கிடைத்தது சொந்த நாட்டில் அன்று, இந்தோனேசியாவில். நாம் ஒரு உப்புக்கே பெயராக வைத்துவிட்ட அஜினோமோட்டோ, அங்கேயும் வீட்டுக்கு வீடு புழங்குவது. அதைத் தயாரிக்க உதவும் நுண்ணுயிரை வளர்க்கும் ஊடகத்தில் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருக்கிறது என்று தெரிந்ததும், உலமாக்கள் மன்றம் அதை ஹராம் என்றது. 2001 தொடக்கத்தில் சந்தையிலிருந்த சரக்கைத் திரும்பப் பெற்றார்கள், நிறுவன அதிகாரிகள் சிலர் கைதானார்கள். இறுதிப் பொருளில் பன்றியின் சுவடே இல்லை என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. கேள்வி பண்டத்தைப் பற்றியது மட்டுமில்லை, அது வந்த வழியைப் பற்றியதும்தான் என்பதை டோக்கியோ அப்போதுதான் புரிந்துகொண்டது.

பத்தாண்டு கழித்து அந்தப் பாடம் வருமானமாக மாறியது. 2013இல் மலேசியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஜப்பான் அறிவித்தது. ஒலிம்பிக் நடத்தும் வாய்ப்பும் அதே ஆண்டில் கிடைத்தது. அடுத்த ஆண்டு இந்தோனேசியர்களுக்கும் தளர்வு வந்தது. நரிதா, கன்சாய் விமான நிலையங்களில் தொழுகை அறைகள், டோக்கியோ ரயில் நிலையத்திலும் ஒன்று, ஒளு செய்யக் கால் கழுவும் வசதியோடு. டோக்கியோவின் அசாக்குசாவில் கோழி எலும்பில் கொதித்த ஹலால் ராமென் நூடுல்ஸ். புகழ்பெற்ற கறிச் சோற்றுக் கடைச் சங்கிலி ஒன்று அகிஹபராவில் ஹலால் கிளையே திறந்தது. சில கடைகளின் வாசலில் ‘முஸ்லிம் நேசம்’ என்ற பொருளில் புதிய பலகை: கறி ஹலால், ஆனால் பக்கத்து மேசைக்குப் பீர் போகும்.

இந்தப் பலகைகளைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். எட்டு இருக்கைகள் கொண்ட நூடுல்ஸ் கடைக்காரர் சமையலறையையே மாற்றிச் சான்று வாங்க முடியாது. ‘கோழி ஹலால், மிரின் சேர்ப்பதில்லை, அதே எண்ணெயில் பன்றியும் பொரிக்கிறோம்’ என்று உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும். முடிவை வந்தவர் எடுத்துக்கொள்வார். பளபளக்கும் முத்திரையைவிட அந்தத் தாளில் அமானிதம் கூடுதல் என்பது என் கட்சி.

ஆனால், இதையெல்லாம் பார்த்து ஜப்பான் முஸ்லிம்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. திறந்திருப்பது வரவேற்பறை. அடுக்களைக்கும் கொல்லைக்கும் போகும் கதவுகள் வேறு.

சுற்றுலாத் துறை விழித்துக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே அங்கே ஹலால் வாழ்க்கை இருந்தது. அதைக் கட்டியவர்கள் குடியிருந்தவர்கள். கோபே நகரப் பள்ளிவாசல் 1935இல் எழுந்தது. அந்தத் துறைமுகத்தில் வணிகம் செய்த இந்திய முஸ்லிம்களும், ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஓடிவந்த தாத்தாரியர்களும் பணம் போட்டார்கள். 1945 குண்டுவீச்சிலும் 1995 நிலநடுக்கத்திலும் சுற்றிலும் இருந்தவை விழுந்தன, பள்ளிவாசல் நின்றது. 1980களில் விசா இல்லாமல் வரமுடிந்த பாகிஸ்தானியர்களும் வங்கதேசத்தவரும் சிறு தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். உறைந்த கறியை வரவழைத்துத் தபாலில் வீடுகளுக்கு அனுப்பும் கடைகளைத் தொடங்கியவர்கள் அவர்களில் சிலர். டோக்கியோவின் ஷின்-ஒகுபோ ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் இன்று வரிசையாக நிற்கும் மளிகைக் கடைகள் அந்த மரபின் பிள்ளைகள்.

வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தனாதா ஹிரோஃபுமி நெடுங்காலமாகக் கணக்கெடுத்துவருகிறார். 1999இல் நாடு முழுவதும் 15 பள்ளிவாசல்கள், 2021இல் 113. முஸ்லிம்களின் எண்ணிக்கை 2020 இறுதியில் ஏறத்தாழ 2.3 லட்சம் என்பது அவர் மதிப்பீடு. 2019இல் தொழில்திறன் பெற்றோருக்கான புதிய விசா வந்த பிறகு, முதியோர் இல்லங்களுக்கும் மீன் ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் இந்தோனேசியர்கள் வருவது கூடியிருக்கிறது. ஆள் வேண்டும் என்று கேட்டது ஜப்பான்தான். ஊர்கள் முதுமையில் காலியாகின்றன.

வந்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன, பள்ளிக்கூடம் போகின்றன. ஜப்பானிய அரசுத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு வயிற்றுக்கானது மட்டுமில்லை, பாடமும்கூட. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, பிள்ளைகளே பரிமாறி, ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள். மு‌ஸ்லிம் குழந்தை வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகும். தன் பிள்ளை தனித்துத் தெரியக் கூடாது என்று, மாதப் பட்டியலைப் பார்த்து அன்றைய பள்ளி உணவைப் போலவே தோற்றத்தில் சமைத்துக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அங்கே ஹாம்பர்க் என்றால் இங்கேயும் அதே வடிவத்தில் கோழிக்கறி உருண்டை.

இங்கேதான் அந்த ஒவ்வாமைப் பட்டியல் திரும்பி வருகிறது. கித்தாக்யூஷு நகரப் பள்ளிகளில், ஒவ்வாமை உள்ள பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடட்டும் என்று, பட்டியலில் அப்போது இருந்த 28 பொருள்களையும் தவிர்த்து ஒரு நாள் உணவு தயாரித்தார்கள். 28இல் பன்றியும் ஒன்று. 2025 செப்டம்பரில், முஸ்லிம்களுக்காக நகராட்சி பள்ளி உணவையே மாற்றிவிட்டது என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை என்று நகராட்சி மறுப்பு சொல்ல வேண்டியதாயிற்று. அதே பன்றியில்லாத சாப்பாடு, அசாக்குசாவில் விற்றால் விருந்தோம்பல். பள்ளிக்கூடத்தில் வைத்தால் சலுகை.

இந்த வேறுபாட்டுக்கு வெறுப்பு ஒன்றையே காரணமாகச் சொல்வது சோம்பேறித்தனம். பயணிக்குத் தேவையானதைக் கடைக்காரர் ஒருவர் தன் முதலைப் போட்டுத் தருகிறார்; இலாபம் வந்தால் தொடர்வார். குடியிருப்பவருக்குத் தேவையானது பொதுச் சமையலறையிலும் பொது நிலத்திலும் இருக்கிறது. அதற்கு அக்கம்பக்கத்தார் தலையசைக்க வேண்டும். விசா கொடுப்பது டோக்கியோ. இடம் தேடுவது ஊராட்சி. ஆளை அழைத்தவர் ஒருவர், பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர். இந்த இடைவெளி எங்கே பள்ளமாக வாய் பிளக்கிறது என்று பார்க்க, மையவாடிக்கு, முஸ்லிம்களின் இடுகாட்டுக்கு, போக வேண்டும்.

முஸ்லிம் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழவைத்து, கிப்லா பக்கம் முகம் திருப்பி மண்ணில் அடக்க வேண்டும். எரிப்பதற்கு வழியே இல்லை. ஜப்பானிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் தகனம்தான். அடக்கம் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற்ற இடுகாட்டில் அடக்கலாம். அனுமதி உள்ளூர் நிர்வாகத்தின் கையில்.

கியூஷு தீவின் பெப்பு நகரில் 2000இல் பன்னாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று திறந்தது. முஸ்லிம் மாணவர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள், சிலர் நிலைத்துவிட்டார்கள். அந்தப் பெரிய தீவில் அவர்களுக்கென்று ஒரு மையவாடி இல்லை. பக்கத்து ஹிஜி ஊரில் இடம் கேட்டார்கள். குடிநீர் கெட்டுவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். அச்சம் முழுக்கப் பொய்யென்று தள்ள முடியாது. ஊற்றை நம்பி வாழும் ஊருக்கு அது இயல்பான கேள்வி. பேசிப் பேசி, வேறிடமாக ஊராட்சி நிலம் ஒன்றைக் காட்டி, நிபந்தனைகளோடு 2023இல் உள்ளூர்க்காரர்களோடு ஓர் உடன்பாடும் வந்தது. அந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே கத்தோலிக்கத் துறவிகளின் மடத்து இடுகாடு இருக்கிறது. அங்கே துறவிகளை மண்ணில்தான் அடக்குகிறார்கள். 2024 ஆகஸ்டில் மேயர் தேர்தல் வந்தது. நிலத்தை விற்கமாட்டேன் என்றவர் வென்றார், பேச்சு அங்கேயே நின்றது. வடக்கே மியாகி மாகாண ஆளுநர் 2024 கடைசியில் அடக்கத்துக்கு இடம் ஒதுக்குவது பற்றி ஆராயப்போவதாகச் சொன்னார். 2025 செப்டம்பரில் கைவிட்டார்.

தகனம் எங்கள் பண்பாடு, வந்தவர்கள் அதற்கு மாறட்டும் என்ற குரல் அங்கே ஓங்கி ஒலிக்கிறது. வரலாறு அவ்வளவு நேராக இல்லை. மெய்ஜி அரசு 1873இல் தகனத்தைத் தடைசெய்தது. மேலைநாட்டு நாகரிகத்துக்காக அன்று, அது பௌத்த வழக்கம் என்பதற்காக. புதைக்க இடம் போதாமல் இரண்டே ஆண்டில் தடையை நீக்கினார்கள். 1989இல் மறைந்த சக்கரவர்த்தி ஹிரோஹித்தோவை எரிக்கவில்லை, அடக்கம்தான் செய்தார்கள். கிராமப்புறத்தில் தாத்தாவை மண்ணில் அடக்கியதை நினைவு வைத்திருக்கும் ஜப்பானியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாறட்டும் என்பதைப் பொறுத்தவரை, அவர்கள் மாறாமலா இருக்கிறார்கள்? எழுத்துக் கற்றார்கள், மீனுக்குப் பழகினார்கள், பிள்ளைக்கு அதே வடிவத்தில் உருண்டை பிடிக்கிறார்கள். மையித்தைச் சொந்த நாட்டுக்கு விமானத்தில் அனுப்பலாம்தான். அதற்கான பணத்தைத் திரட்டப் பள்ளிவாசலில் கையேந்துவது ஒருபுறம் இருக்கட்டும். ஜப்பானில் பிறந்து ஜப்பானிய மொழி மட்டுமே பேசிய குழந்தை இறந்தால், அதன் சொந்த நாடு எது? முஸ்லிமாக மாறிய ஜப்பானியரை எந்த விமானத்தில் ஏற்றுவது?

ஜப்பானின் பழைய முஸ்லிம் மையவாடிகளில் ஒன்று யமனாஷி மாகாணத்தின் என்சானில் இருக்கிறது. அது ஒரு பௌத்த ஆலயத்தின் வளாகத்தில், 1960களின் இறுதியிலிருந்து. அன்று இடம் கொடுக்கச் சம்மதித்த ஆலயத்தாருக்கு விசா தளர்வு, ஒலிம்பிக், ஹலால் சந்தை என்று எந்தக் கணக்கும் இருந்திருக்க முடியாது.