பொத்தானை அழுத்தினால் போதுமா?

பினாங்கைக் கிழக்கின் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று புகழ்ந்து பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் புகழில் நம் பங்கு எது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1969-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற துன் லிம் சொங் இயூ, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த தீவுக்குத் தொழிற்சாலைகளைக் கொண்டு வந்தார். 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், ஹித்தாச்சி, நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்று அழைக்கிறார்கள். உலகச் சில்லுகளை ஒருங்கிணைத்துச் சோதிக்கும் பணியில் ஏறக்குறைய 13 விழுக்காடு இன்று மலேசியாவில் நடப்பதற்கு அன்று போட்ட விதையும் ஒரு காரணம்.

அந்த ஆலைகளின் உற்பத்தி வரிசையில் நம் இனத்துப் பெண்கள் பலர் அமர்ந்திருந்தார்கள். என் அம்மாவும் 1990-களில் அப்படி ஓர் ஆலையில் ஆப்பரேட்டராக இருந்தவர். நுண்ணோக்கி வழியே தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பிகள் சில்லில் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. அந்த உழைப்பில்தான் நாங்கள் மூவரும் படித்தோம். ஆயினும் அவர் பார்த்த சில்லு என்ன செய்யும், அதற்குக் கட்டளை இடுபவர் யார் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று ஆலை நினைக்கவும் இல்லை.

இன்று நாம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறோம். இரண்டு மூன்று தட்டு நாசி கண்டார் விலைக்கு ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை வாங்கிவிடலாம். மென்பொருளைத் திறந்து, மாதிரி நிரலை ஒட்டி, 'அப்லோட்' பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னுகிறது. இறுதியாண்டுத் திட்டமும் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பொத்தானுக்கும் மின்னும் விளக்குக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? விடை தெரியாவிட்டால், பட்டம் பெற்ற ஆப்பரேட்டர்களாகவே நாம் வெளியேறுவோம். ஆகவே, பொறியியலும் கணினியியலும் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது அந்தப் பொத்தானைத் தொடாமல், கட்டளை வரியில் தம் கையாலேயே நிரலைத் தொகுத்துச் சில்லில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு பொத்தான், நான்கு வேலைகள்

நாம் அதிகம் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையையே எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே இருப்பது ஏ.வி.ஆர். வகைச் சில்லு. அந்த வகையை முதலில் வடிவமைத்தவர்கள் நார்வே நாட்டில் திரோண்ட்ஹைம் நகரில் படித்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வோலன் என்னும் இரண்டு மாணவர்கள். நம்மைப் போன்ற மாணவர்கள் என்பதை இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். அட்மெல் நிறுவனம் 1996-இல் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 2016-இல் அட்மெலை மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. ஊனோவில் உள்ள சில்லுக்கு நிரலை வைக்க 32 கிலோபைட்டும், வேலை நேரத்து நினைவகமாக 2 கிலோபைட்டும் மட்டுமே உண்டு.

பொத்தானை அழுத்தியதும் முதலில் நாம் எழுதிய வரிகளின் தலையில் மென்பொருள் தானாகவே சில வரிகளைச் சேர்த்து முழுமையான சி++ நிரலாக்குகிறது. இரண்டாவதாக, ஏ.வி.ஆர்.-ஜி.சி.சி. என்னும் தொகுப்பி அதைச் சில்லின் மொழிக்கு மாற்றுகிறது. இந்தத் தொகுப்பி இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. எந்தச் சில்லு, கடிகார வேகம் என்ன, அளவு சிறிதாக வேண்டுமா என்பவற்றைக் கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். பொத்தான் இவற்றையெல்லாம் நமக்காகச் சொல்லிவிடுவதால்தான் இப்படிக் கேள்விகள் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. தனித்தனியாகத் தொகுத்த துண்டுகளை இணைப்பி ஒன்றாகச் சேர்த்து, எந்தத் துண்டு எந்த முகவரியில் அமர வேண்டும் என்று முடிவு செய்கிறது.

மூன்றாவது வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இணைத்த நிரலை இன்டெல் ஹெக்ஸ் என்னும் வடிவில் ஒரு கோப்பாக எழுதுகிறார்கள். 1970-களில் உருவான வடிவம் இது. பாயான் லெப்பாசில் ஆலை திறந்த அதே நிறுவனத்தின் பெயரைத்தான் இன்றும் சுமந்து நிற்கிறது. இதைச் சாதாரண உரைத்தொகுப்பானில் திறந்தே படிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு முக்காற்புள்ளியில் தொடங்கும். அடுத்து, வரியில் எத்தனை பைட், எந்த முகவரி, என்ன வகை என்பவை வரும், பிறகு தரவு, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். வரியின் எல்லாப் பைட்டுகளையும் சரிபார்ப்பு எண்ணோடு கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி சுழியமாக வர வேண்டும். கோப்பின் இறுதி வரி எப்போதும் ஒன்றுதான்: முக்காற்புள்ளி, 00000001, இரண்டு எஃப். இரண்டு எஃப் என்றால் 255, முன்னே உள்ள 1-ஐக் கூட்டினால் 256, மீதி சுழியம். ஆறாம் ஆண்டுக் கணிதம் போதும், இதைச் சரிபார்க்க!

நான்காவதாக, ஏ.வி.ஆர்.டியூட் என்னும் நிரல் அந்தக் கோப்பை யு.எஸ்.பி. கம்பி வழியே அனுப்புகிறது. அது தொடர்பைத் திறக்கும்போது ஒரு சிறு மின்தேக்கி வழியாகச் சில்லுக்கு மறுதொடக்கத் துடிப்பு போகிறது. நினைவகத்தின் கடைசி 512 பைட்டில் குடியிருக்கும் தொடக்க நிரல் விழித்து, யாராவது பேசுகிறார்களா என்று ஏறக்குறைய ஒரு விநாடி காத்திருக்கிறது. பேச்சு வந்தால் 128 பைட் 128 பைட்டாக வாங்கி எழுதுகிறது. எழுதி முடித்த பின் அனைத்தையும் திரும்பப் படித்துக் கோப்போடு ஒப்பிடுகிறார்கள். என் அம்மா நுண்ணோக்கியில் செய்ததும் இப்படியொரு சரிபார்ப்புதான்.

கட்டளை வரி கற்றுத் தருவது

இவற்றைக் கையால் செய்வதால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எளிய சான்று ஒன்று. விளக்கை மின்ன வைக்கும் ஆர்டுயினோ மாதிரி நிரல் ஊனோவில் ஏறக்குறைய 900 பைட் பிடிக்கும். அதே வேலையைச் சில்லின் பதிவேடுகளை நேரடியாகத் தொட்டுச் சி மொழியில் எழுதித் தொகுத்தால் 200 பைட்டுக்குள் முடிந்துவிடும். மீதி எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கும் மாணவன் அன்றே பொறியாளனாகத் தொடங்கிவிடுகிறான்.

இன்னொன்று, பிழை வரும்போது கிடைக்கும் தெளிவு. ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி காணும் பிழை, 'ஒத்திசைவு இல்லை' என்று ஏ.வி.ஆர்.டியூட் சிவப்பு எழுத்தில் புலம்புவது. பொத்தானை மட்டுமே அறிந்தவர் கம்பியைப் பிடுங்கிச் செருகுவார், கணினியை அணைத்துப் போடுவார், கடைசியில் பலகை கெட்டுவிட்டது என்று தீர்ப்பளிப்பார். நான்கு வேலைகளையும் அறிந்தவர் வரிசையாகக் கேட்பார். தொகுப்பு முடிந்ததா? முடிந்தது, ஆகவே நிரலில் குற்றமில்லை. துறை எண் சரியா? வேறு சாளரம் ஏதும் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா? வேகம் சரியா? பழைய தொடக்க நிரல் கொண்ட நானோ பலகை 57600-இல் பேசும். புதியது 115200-இல் பேசும். பாசார் மாலாமில் வாங்கிய கம்பியில் மின்னூட்டக் கம்பிகள் மட்டும் இருந்து தரவுக் கம்பிகள் இல்லாமல் போனதா? ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது பயன் வேலை இடத்தில் தெரியும். தொழிற்பயிற்சிக்குச் சென்ற இடத்தில் நான் கண்டது இதுதான்: ஆயிரக்கணக்கான பலகைகளுக்கு நிரல் ஏற்றும்போது யாரும் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதில்லை. ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு எழுதப்படுகிறது. அது ஏற்றுகிறது, சரிபார்க்கிறது, தோற்ற பலகையின் எண்ணைக் குறித்து வைக்கிறது. 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' என்னும் கருவி இன்றும் இத்தகைய வேலைகளுக்குப் பயன்படுகிறது. எதிலிருந்து எதைச் செய்வது என்று சமையல் குறிப்பு போல ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், மாறிய பகுதியை மட்டும் அது மீண்டும் தொகுக்கும். ஆர்டுயினோவும் தனது கட்டளை வரிக் கருவியை இலவசமாகவே வழங்குகிறது. பழைய கணினியிலும் அது சுறுசுறுப்பாக ஓடும்.

பொத்தான் குற்றவாளியா?

இல்லை. ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்தது. அதற்கு அடித்தளம், ஹெர்னாண்டோ பராகான் அங்கேயே முன்னர் உருவாக்கிய 'வயரிங்' திட்டம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை முதன்முதலாக விளக்கை மின்ன வைத்து மகிழ அந்தப் பொத்தான் வேண்டும். அதைப் பறிக்கச் சொல்வது அறியாமை. குழந்தைக்கு நடைவண்டி தேவை. இருபது வயதிலும் நடைவண்டி பிடித்து நடப்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்கப் போவதாகக் கூறுகிறது. 2025 மார்ச்சில் நம் அரசாங்கம் பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் செலுத்தி ஆர்ம் நிறுவனத்தின் சில்லு வடிவமைப்புகளைப் பெற ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஒருங்கிணைப்பதிலிருந்து வடிவமைப்பதற்கு நாடு நகர விரும்புகிறது. அந்த 60,000 பேரில் நாம் எத்தனை பேர் என்பதை ஒதுக்கீடு மட்டும் முடிவு செய்யாது. நேர்காணலில் 'பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்?' என்ற கேள்விக்கு நாம் சொல்லும் விடையும் முடிவு செய்யும்.

தமிழுக்கு இதில் என்ன வேலை?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைக் கடந்து வந்தவர்கள் நாம். ஒரு கருத்து ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது என்ன மாறுகிறது, எது அப்படியே நிற்கிறது என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். தொகுப்பி செய்வதும் அதைத்தான். இடைநிலைப்பள்ளியில் முதல் படிவத்தில் நான் அறிவியலை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துத்தான் மலாயில் எழுதினேன். அது குறையன்று. புரிதலுக்கு அது ஒரு படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டைப் பல்கலைக்கழக வாசலில் ஏன் இடித்துவிடுகிறோம்? தொகுப்பி, இணைப்பி, பதிவேற்றம், பதிவேடு, குறுக்கீடு எனச் சொற்கள் இருக்கின்றன. தமிழ் விழாவில் அவற்றைக் கேட்டுக் கைதட்டுகிறோம். ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தக் கூச்சப்படுகிறோம். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில்தான் நடந்தது. தமிழைக் கணினிக்குள் கொண்டுபோன தலைமுறைக்குப் பின் வந்த நாம், கணினியைத் தமிழில் விளக்கவாவது வேண்டாமா? நிரலின் விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதத் தடையே இல்லை. 2020-இல் வெளிவந்த ஜி.சி.சி. 10 முதல் மாறிகளுக்கே தமிழெழுத்தில் பெயர் வைக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

நம் தமிழ்மொழிக் கழகத்திடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறை மூன்று மாலை நேரங்களில் ஒரு பயிலரங்கு. முதல் மாலை தொகுத்தல், இரண்டாம் மாலை ஹெக்ஸ் கோப்பைத் திறந்து படித்தல், மூன்றாம் மாலை ஏற்றுதலும் பிழை தேடுதலும். அனைத்தும் தமிழில், பொத்தான் இல்லாமல். இரண்டாவது, அந்தப் பாடங்களை இருபது பக்கக் கையேடாகத் தமிழில் அச்சிடுவது. மூன்றாவது, முன்னாள் மாணவர்களுக்கான வேண்டுகோள். உங்களில் பலர் பாயான் லெப்பாசிலும் பத்து காவானிலும் பொறியாளர்களாக இருக்கிறீர்கள். விருந்துக்கு நன்கொடை தருவது போலவே ஒரு மாலைப் பொழுதையும் எங்களுக்குத் தாருங்கள். உங்கள் மேசையில் நடப்பதை எங்கள் மொழியில் சொல்லுங்கள்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பொத்தானை அழுத்தி விளக்கை மின்ன வைக்கும் பிள்ளை ஒருநாள், 'அண்ணா, இது எப்படி உள்ளே போச்சு?' என்று கேட்கும். 'அதெல்லாம் தானாகவே நடக்கும்' என்பது விடையாகாது. கறுப்புத் திரையைத் திறந்து, 'வா, காட்டுறேன்' என்று சொல்ல நம்மில் ஒருவராவது தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பை இந்தப் பருவத்திலேயே தொடங்குவோம்.