வழுக்குப் பாதையில் பூட்டும் பிரேக்கும்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமற் பெய்துவிட்டால் கரிசல் பூமியின் வண்டிப் பாதைகள் என்ன கதியை அடையும் என்பதைக் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முற்காலத்தில் மாட்டு வண்டியும் இறங்கத் தயங்கிய இடங்களில் இக்காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்புகளும் பிக்கப் வண்டிகளும் உர மூட்டைகளுடன் துணிந்து இறங்குகின்றன. இவ்வண்டிகளுட் சிலவற்றில் பின்னச்சின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் சாதனமும், வீணே சுழலும் சக்கரத்தைத் தானே பிரேக் போட்டு அடக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் என்னும் சாதனமும் ஒருங்கே அமைந்துள்ளன. பூட்டு இருக்கையில் மற்றது வீண் ஆடம்பரம் என்பர் ஒரு சாரார். யந்திரமே யாவும் பார்த்துக்கொள்ளும்போது பூட்டைத் தொடுவானேன் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பாதி உண்மையே. சேறு நேராகக் கிடக்குமிடத்தில் பூட்டும், பக்கவாட்டில் சரிந்த கரையில் டிராக்ஷன் கண்ட்ரோலும் என்று இடமறிந்து கையாள்வதே முறை. இடம் மாறிக் கையாண்டால் நஷ்டம் வண்டியோடு நில்லாது.

டிஃபரன்ஷியல் எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வண்டி திரும்புகையில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்கின்றன. இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பின் ஏதேனும் ஒன்று தேய்ந்தே செல்ல நேரும். இக்குறையை நீக்கப் பிரெஞ்சுக்காரரான ஒனெசிபோர் பெக்கேர் என்பவர் 1827-ஆம் ஆண்டில் தம் நீராவி வண்டிக்கு இப்பல்சக்கர அமைப்பை ஏற்படுத்தினார். கெட்டித் தரையில் இது பேருதவி. சேற்றிலோ இதுவே சத்துரு. ஏனெனில், இரு புறத்துக்கும் சமமான விசையையே இது அளிக்கும். வழுக்கும் சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ அவ்வளவுதான் கெட்டி மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும்.

கணக்காகப் பார்த்தால் விளங்கும். இடது பின்சக்கரம் நிற்கும் சேறு 50 கிலோ தள்ளு விசையை மட்டுமே தாங்கும் என்றும், வலது சக்கரத்தின் அடியிலுள்ள மண் 400 கிலோ வரை தாங்கும் என்றும் கொள்க. பூட்டாத அச்சில் வலப்புறத்துக்கும் 50 கிலோதான் செல்லும். மொத்தம் 100 கிலோவுக்கு வண்டி அசையாது. பூட்டிவிட்டால் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழல வேண்டுமாதலால் 50-உம் 400-உம் சேர்ந்து 450 கிலோ கிடைக்கும். இனி, பூட்டாமல், சுழலும் இடது சக்கரத்தைப் பிரேக்கினால் 200 கிலோ அளவுக்குப் பிடித்தால் என்னவாகும்? இடப்புறம் 250 கிலோ எதிர்ப்பு உண்டாகும். வலப்புறத்துக்கும் 250 செல்லும். வண்டியைத் தள்ளுவது 300 கிலோ. எஞ்சின் கொடுப்பதோ 500 கிலோ. மிஞ்சிய 200 கிலோ பிரேக்கைச் சூடேற்றுவதிலேயே கழிகிறது.

இந்தப் பிரேக் வித்தை உழவருக்குப் புதிதன்று. சேற்றுழவில் டிராக்டரின் ஒரு சக்கரம் வழுக்கினால் அப்புறத்துப் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்து மறுபுறச் சக்கரத்தால் வெளியேறுவதை அனுபவமுள்ள ஓட்டுநர் எவரும் செய்வர். சக்கரத்தின் வேகத்தை மின்சாரத்தால் அளந்து பிரேக்கைத் தானே இயக்கும் முறை, ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1978-இல் வெளியிட்ட பிரேக் பூட்டாச் சாதனத்தின் வழித்தோன்றலாகும். ஓட்டுநரின் கால் செய்வதை அது ஒரு வினாடிக்குள் பன்முறை செய்கிறது, அவ்வளவே விசேஷம். ஆனால் டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு வேறொரு வேலையும் உண்டு. சக்கரம் சுழலக் கண்டதும் எஞ்சினின் விசையையும் அது குறைத்துவிடும். மழை நனைத்த தார்ச்சாலையில் இது உயிர் காக்கும் குணம். முழங்கால் சேற்றிலோ, உந்த வேண்டிய தருணத்தில் வண்டி மூச்சடங்கி நின்றுவிடும். பல வண்டிகளில் அதற்குரிய பொத்தானை அழுத்தினால் எஞ்சினைக் குறைக்கும் வேலை மட்டும் நின்று, பிரேக் வேலை நீடிக்கும். சேற்றில் இறங்குமுன் வேண்டுவது இந்நிலையே. எந்த வண்டியில் எப்படி என்பதை அதனுடன் வந்த புத்தகத்தைப் பார்த்துத் தெளிய வேண்டும். பெரும்பாலும் அப்புத்தகம் பிரிக்கப்படாமலே பெட்டியில் உறங்குகிறது.

பூட்டைப் போட்ட பின் டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு வேலையே இல்லை என்பது தவறு. பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகச் சுழல்வதால் பின்னச்சில் அதற்கு வேலையில்லை என்பது மெய். முன்னச்சு பூட்டப்படாதது, அங்கே ஒரு சக்கரம் பள்ளத்தில் வழுக்கினால் அதைப் பிடித்து மற்றதற்கு விசையைத் திருப்புவது பிரேக்தான். பின்னே பூட்டும் முன்னே பிரேக்குமாகச் சேரும்போதுதான் நான்கு சக்கரமும் பயன்படுகின்றன. சில வண்டிகளில் பூட்டு விழுந்தவுடன் டிராக்ஷன் கண்ட்ரோல் முழுவதும் அணைந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். வாங்குமுன் விசாரிக்கத் தக்கது இது. வண்ணத்தையும் விளக்குகளையும் விசாரிப்பவர் இதை விசாரிப்பதில்லை.

தானே விழும் பூட்டுகளும் உண்டு. இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றை எட்டினால்தான் அவற்றுள் ஒருவகை பிடிக்கும். பிரேக் முந்திக்கொண்டு சக்கரத்தை அடக்கிவிட்டால் அவ்வித்தியாசம் ஏற்படாது, பூட்டும் விழாது. ஓட்டுநர் அஞ்சி ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதித்தாலும் அதே கதிதான். சீராக மிதித்துச் சற்றுப் பொறுக்க வேண்டும். கையால் போடும் பூட்டுக்கு விதி நேர் மாறானது. சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கையில் அதைப் போட்டால் பற்கள் உடையும். கிளட்சை மிதித்துச் சக்கரம் நின்றபின் போடுக. அதனினும் நன்று, சேற்றில் இறங்குவதற்கு முன்பே போடுவது. வண்டி அச்சு வரை புதைந்தபின் பூட்டைத் தேடுவது, தலைக்கு மேல் வெள்ளம் போனபின் அணை போடும் கதையே.

மிக முக்கியமானது கரையோரப் பாதை. காவிரிப் பாசனப் பகுதியில் வாய்க்காற் கரைகளே அநேக வயல்களுக்குப் பாதை. அவற்றின் மேல்மண் ஒருபுறம் சரிந்திருப்பது சகஜம். பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது நின்று மண்ணைப் பற்றி, வண்டியின் பின்பகுதி சரிவில் இறங்காமல் காக்கிறது. பூட்டிவிட்டால் இரண்டும் ஒருமிக்கச் சுழலும். சுழலும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்புக் குறைவு. அக்கணமே பின்பகுதி வாய்க்காலை நோக்கி நழுவும். கரை ஈரமாகவும் சாய்வாகவும் இருப்பின் பூட்டை எடுத்துவிட்டு, டிராக்ஷன் கண்ட்ரோலை மட்டும் நம்பி, குறைந்த கியரில் ஊர்ந்து செல்வதே உசிதம். அதுவும் நழுவுமாயின் மூட்டைகளை இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோவதில் அவமானம் ஏதுமில்லை. பூட்டிய வண்டி திரும்பவும் மறுக்கும்; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேரே உந்திக்கொண்டு செல்லும். கெட்டித் தரையை அடைந்தவுடன், திரும்புமுன், பூட்டை விடுவித்தாக வேண்டும்.

டிராக்டரில் பூட்டு காலடியில் மிதியாக உள்ளது. வரப்போரம் திரும்புகையில் அதில் கால் இருத்தலாகாது. இதனினும் கொடிய வழக்கம் ஒன்றுண்டு. சக்கரங்கள் புதைந்தபின் பின்டயரோடு மரக்கட்டையைக் குறுக்கே கட்டி முன்னோக்கி ஏற முயல்வர். கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரம் சுழல முடியாதபோது எஞ்சினின் விசை முழுவதும் டிராக்டரின் முன்பகுதியைத் தூக்கும். கண் இமைப்பதற்குள் அது ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். பூட்டுப் போட்டும் ஏறாவிடில் பின்கியரில் வெளியேறப் பார்க்க வேண்டும். அல்லது மற்றொரு டிராக்டரால் இழுக்க வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டும் இளைஞன் எஜமானரின் அவசரத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும்படி விடுவது எந்த நியாயத்திலும் சேராது.

பூட்டாயினும் பிரேக்காயினும் மண்ணில் இல்லாத பிடிப்பை உண்டாக்க மாட்டா. நனைந்த கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்துச் சக்கரத்தை மழமழவென்றாக்கிவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்தே சுழலும். காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் அகன்று பதியும். சாலை ஏறியதும் மறவாமல் நிரப்ப வேண்டும். சுழற்றிச் சுழற்றி வெளியேறிய ஒவ்வொரு வண்டியும் பாதையில் ஒரு குழியைத் தோண்டிவிட்டுப் போகிறது. மறுமழையில் அதில் நீர் தேங்கி, அடுத்தவர் வண்டி அங்கேயே அமிழ்கிறது. ஊராட்சியாரும் கிராம நிர்வாக அலுவலரும் இதனைக் கவனித்து, மழைக்கு முன்பே பாதையோர வடிகாலைத் திறந்துவைத்து, தாழ்ந்த இடங்களில் சரளை கொட்டச் செய்தால் வேண்டிய உதவி அதுவே.

வண்டியுடையவர்கள் ஆவணி மாதத்திலேயே ஓட்டுநரை உழுத புழுதிக் காட்டுக்கு அழைத்துச் சென்று, பூட்டைப் போடவும் எடுக்கவும் பழக்குவது நலம். டிராக்டர்களில் ஆண்டு முழுதும் தொடாத பூட்டு மிதி துருவேறி இறுகிக் கிடப்பதுண்டு. அழுத்தினால் இறங்காததும், காலை எடுத்தபின் மேலெழாததும் ஒருபோலக் கெடுதி; மெக்கானிக்கை அழைத்து அப்போதே சரிசெய்துகொள்ளலாம்.