பழி போன் மேல... தூக்கத்தைத் திருடினது யாரு?

ஊரடங்கைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் அஞ்சாவது நிமிஷத்துல ஒரு தீர்ப்பு வந்துடுது. "அந்த ரெண்டு வருஷத்துலதாங்க புள்ளைங்க கெட்டுச்சு. எந்நேரமும் போனு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தே பழகிட்டானுங்க." கல்யாணப் பந்தியில கேட்டாச்சு, ரயில்ல கேட்டாச்சு, போன வாரம் சலூன்லயும் கேட்டாச்சு. சொல்ற பெரியவர் கையிலயும் ஒரு போன் சத்தமா ஓடிக்கிட்டு இருக்கும்ங்கறது தனிக்கதை :-)

இந்தத் தீர்ப்பு பாதிதான் உண்மைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. போனுக்கு வக்காலத்து வாங்க வரலை. நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன், ராத்திரி நேரத்து ஸ்க்ரீன் கண்ணையும் மண்டையையும் என்ன பண்ணும்னு நல்லாவே தெரியும். ஆனா பத்து வயசுப் பையனைக் கூண்டுல ஏத்திட்டு, கதவைத் திறந்து விட்டவங்க எல்லாரும் நீதிபதி நாற்காலியில உக்காந்திருக்காங்க பாருங்க, அதுதான் கடுப்பாகுது.

முதல்ல தூக்கம் எப்படி வருதுன்னு பார்ப்போம். மூளைக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அதுக்குச் சாவி கொடுக்கறது வெளிச்சம். காலை வெயில் பட்டா கடிகாரம் முன்னாடி நகரும், ராத்திரி சீக்கிரமே தூக்கம் வரும். ராத்திரி வெளிச்சம் பட்டா மெலடோனின் சுரக்கறது தள்ளிப்போகும், தூக்கமும் தள்ளிப்போகும். வீட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ் தேறினாலே அதிகம். மேகம் மூடின நாள்லகூட வெளியில ஆயிரக்கணக்குல இருக்கும். நல்ல வெயில்னா லட்சத்தைத் தொடும். பகல்ல நல்ல வெளிச்சம் பார்த்த உடம்பை ராத்திரி வெளிச்சம் அவ்வளவா அசைக்காது. பகல் முழுக்க ரூமுக்குள்ளயே கிடந்த உடம்பைத்தான் அது சுலபமா ஏமாத்தும்.

2020 மார்ச் 25-ல இருந்து நாம பசங்ககிட்ட இருந்து பறிச்சது இந்தப் பகலைத்தான். வேனுக்காகத் தெருமுனையில நிக்கிற பத்து நிமிஷம், பிரேயர், பி.டி. பீரியடு, சாயங்காலம் தெரு கிரிக்கெட்னு எல்லாம் போச்சு. கிருமிக்குப் பயந்து பறிச்சோம், அதுல தப்பில்லை. ஆனா பகலைப் பறிச்சதை மறந்துட்டு, ராத்திரிக்கு மட்டும் பையன்கிட்ட கணக்குக் கேக்கறது என்ன நியாயம்?

போன்தான் முழுக் காரணம்னா, போன் வச்சிருந்த அத்தனை பசங்களும் ஊரடங்குல தூக்கத்தைத் தொலைச்சிருக்கணும். ஆனா சுவிட்சர்லாந்துல சூரிச் பகுதி மேல்நிலைப் பள்ளி மாணவர்களை வச்சு நடந்த ஆய்வு 2022-ல வெளியாச்சு. பள்ளி மூடியிருந்த வாரங்கள்ல அந்தப் பசங்க வகுப்பு நாட்கள்ல சராசரியா 75 நிமிஷம் கூடுதலா தூங்கியிருக்காங்க. அவங்க கையிலயும் போன் இருந்தது. காலையில அடிச்சுப் பிடிச்சு ஓட வேண்டியது மட்டும்தான் இல்லை. பதின்ம வயசுல உடம்புக் கடிகாரம் தானாவே பின்னாடி தள்ளிப் போகும்ங்கறது தெரிஞ்ச சங்கதி. அந்த வயசுக்கு 8-லிருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும். நாமதான் அதுக்கு "சோம்பேறி"ன்னு பேர் வச்சிருக்கோம்.

பெரியவங்க கதையையும் பாருங்க. 2020 ஊரடங்கப்போ இத்தாலியில 18-லிருந்து 35 வயசு வரைக்கும் 1,310 பேர்கிட்ட கேட்டாங்க. படுக்கையில கூடுதல் நேரம் கிடந்திருக்காங்க, ஆனா தூக்கத்தோட தரம் குறைஞ்சிருந்தது. மன அழுத்தமும் பதட்டமும் அதிகமா இருந்தவங்களுக்குத் தூக்கம் இன்னும் மோசமாச்சு. இன்னைக்கு என்ன கிழமைன்னே குழம்பிப் போனவங்க நிறைய. அதாவது பயமும், நேரம் காலம் இல்லாத நாளும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தின்னிருக்கு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்க கடிகாரத்தை உடைச்சது யாரு?

முதல் ஆளு பள்ளிக்கூடம். 2020 ஜூலையில மத்திய மனிதவள அமைச்சகம் 'பிரக்யாதா'ன்னு ஒரு வழிகாட்டி போட்டது. ஒண்ணாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டே வகுப்பு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நாலு வகுப்பு, ஒவ்வொண்ணும் 30-லிருந்து 45 நிமிஷம். ஆக மொத்தம் அதிகபட்சமே மூணு மணி நேரம். என் தங்கச்சி அப்போ ஒன்பதாவது. காலை எட்டரைக்கு கேமரா ஆன் பண்ணா மதியம் ஒண்ணரை வரைக்கும் வகுப்பு. அப்புறம் ஆன்லைன் டியூஷன். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்புல வீட்டுப்பாடம் வரும், அதை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பணும். அனுப்பிட்டு அவ ஒரு அரை மணி நேரம் தோழிகூட அரட்டை அடிச்சா, "எந்நேரமும் போனு"ன்னு திட்டு. எட்டு மணி நேரம் பார்க்க வச்சவங்களை யாரும் திட்டலை.

ரெண்டாவது ஆளு எங்க ஆபீஸ் மாதிரி ஆபீஸ்கள். வேலைக்குச் சேர்ந்து ஒண்ணரை வருஷத்துல மதுரை வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு ஹால், ஒரு ரூம். அமெரிக்கக்காரன் விடியக் காலையில காபி குடிச்சுக்கிட்டுப் பேசற மீட்டிங், நமக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிக்கும். "வீட்லதானே இருக்கீங்க"ங்கறதுதான் டேமேஜரோட தாரக மந்திரம். பதினொன்றரைக்கும் ஹால்ல என் லேப்டாப் எரியும். அதே ஹால்ல பாய் போட்டுப் படுக்கிற அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் எப்படித் தூக்கம் வரும்? அந்த வெளிச்சத்தை எந்த 'ஸ்க்ரீன் டைம்' கணக்குலயும் யாரும் எழுதலை. பிரான்ஸ்ல 2017-லயே வேலை நேரம் முடிஞ்சா தொடர்பைத் துண்டிக்கிற உரிமை சட்டமாச்சு. நம்ம நாடாளுமன்றத்துல 2018-ல சுப்ரியா சுலே கொண்டு வந்த தனிநபர் மசோதா, வந்த சுவடு தெரியாம போச்சு.

மூணாவது ஆளு வீட்டு ஹால்ல இருந்த டிவி. சாயங்காலம் ஆனா இன்னைக்கு எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் சாவுன்னு ஓடும். 2021 மே மாசம் ஆக்சிஜன் படுக்கை கேட்டு நடுராத்திரியில வந்த ஃபார்வர்டுகளை மறக்க முடியுமா? அதையெல்லாம் புள்ளை காது கேட்டுக்கிட்டேதான் இருந்தது. பயந்த புள்ளை பன்னிரண்டு மணிக்கு கார்ட்டூன் பார்த்தா அதுக்குப் பேர் அடிக்‌ஷனா?

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போற போன். அந்த வீட்டுப் பொண்ணுக்குப் பள்ளிக்கூடமே ராத்திரி ஒன்பது மணிக்கு, போன் வீட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கும். தமிழ்நாட்டுல ஒண்ணுலேர்ந்து எட்டாவது வரைக்கும் பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. ஏறக்குறைய 19 மாசம். அந்தப் பொண்ணுகிட்ட போய் "படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போனை வச்சுடும்மா"ன்னு எந்த வாயால சொல்றது?

ஒண்ணை மட்டும் பாராட்டணும். கல்வித் தொலைக்காட்சி. அதுவும் ஸ்க்ரீன்தான். ஆனா பாடத்துக்கு ஒரு நேரம் இருந்தது. நேரம் முடிஞ்சா பாடமும் முடிஞ்சது. சந்தேகம் கேக்க முடியாதுங்கற குறை உண்டு. இருந்தாலும் ராத்திரி பத்து மணிக்கு அது யாரையும் கூப்பிட்டு "ஏன் இன்னும் அனுப்பலை"ன்னு கேக்கலை. எல்லை இருக்கிற ஸ்க்ரீனுக்கும் எல்லை இல்லாத ஸ்க்ரீனுக்கும் வித்தியாசம் அதுதான்.

"அதான் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு"ன்னு கேக்கறீங்களா? ஊரடங்குதான் முடிஞ்சது. ராத்திரி வர்ற வகுப்பு வாட்ஸப் இன்னும் முடியலை. "வீட்லதானே இருக்கீங்க" மீட்டிங்கும் முடியலை. அவசரத்துக்குத் திறந்த கதவை யாரும் திரும்பச் சாத்தலை. ஆனா தூக்கம் கெட்டா குற்றவாளி மட்டும் அதே பையன்தான்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பள்ளிக் குழுவுல வீட்டுப்பாடம் வராம இருக்கணும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காம இருக்கணும். சாப்பாட்டு நேரத்துக்கு மேல வர்ற மீட்டிங்குக்கு "காலையில பேசலாம்"னு பதில் சொல்ற தைரியம் நம்ம கூட்டத்துக்கு வரணும். இது மூணும் நடந்த பிறகும் பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருந்தா சொல்லுங்க, நானே வந்து போனைப் புடுங்கித் தர்றேன்.

டிஸ்கி: "நீ குழந்தை பெத்து வளர்த்துப் பாரு, அப்பத் தெரியும்"னு கும்ம வர்றவங்க தாராளமா வரலாம். உங்க புள்ளையோட வகுப்பு வாட்ஸப்புல கடைசி மெசேஜ் எத்தனை மணிக்கு வந்ததுன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க.