பொட்டலத்தின் மேல் ஒரு மார்க்

சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசி முடித்ததும் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சொல்லும் அடுத்த வார்த்தை, "டிசைன் ஃப்ரீ." கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் சரி, சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளிலும் சரி, புதுக்கடை திறக்கும் பலருக்கு லோகோ கிடைப்பது இப்படித்தான். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பையன் கூகுளிலிருந்து ஒரு தாமரையை இறக்குகிறான். கோரல் டிராவில் போட்டுச் சுற்றிலும் தங்க வளையம், அடியில் இரண்டு நெற்கதிர். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அட்வான்சுக்கும் அலமாரிக்கும் லட்சக்கணக்கில் இறைத்த மனிதர், கடையின் முகத்தை மட்டும் இனாமாக வாங்கிக்கொண்டு போகிறார். அதே தாமரை அடுத்த மாதம் பண்ருட்டியில் ஒரு பியூட்டி பார்லரின் தலையில் மலர்ந்தால், யாரைக் கேட்பது?

இந்தச் சிக்கனம் தப்புக் கணக்கு. அதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டாம், கடலூரே போதும்.

பாட்டிலில் விற்ற பொருள்களைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்தால் கூலிக்காரரும் வாங்குவார் என்று நம்பி முயன்றவர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்துவந்த மகன் சி.கே. ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் இந்தியாவைத் தொடங்கினார். 'சிக்' என்பது அப்பாவின் பெயரைச் சுருக்கியது.

பாக்கெட்டில் அடைக்கும் வித்தையை யாரும் பூட்டிவைக்க முடியாது. பன்னாட்டுக் கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்புகளைப் பாருங்கள்: எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்குகிறவர் கையை இந்தச் சரத்துக்கும் அந்தச் சரத்துக்கும் நடுவில் திருப்பிவிடுவது தீப்பெட்டி அகலத்தில் இருக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு படம்.

சிக் ஷாம்புவின் புகழ்பெற்ற திட்டம் ஒன்று உண்டு. எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாளில் விதியை மாற்றினார்கள், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று. மேலாண்மை வகுப்புகளில் இதை விற்பனைத் தந்திரமாகச் சொல்வார்கள். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். காலிப் பாக்கெட்டுகளைக் கொட்டி, சிக் எது, மற்றது எது என்று பிரிக்க வீட்டில் இருந்தவர்களைப் பழக்கியது அந்த இரண்டாவது விதி. மார்க்கைக் கண்ணில் பதியவைக்க இதைவிட மலிவான வழி இருந்திருக்குமா தெரியவில்லை. அந்தக் கம்பெனி 1998-ல் கவின்கேர் ஆனது. கவின் என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதினால் சி-யும் கே-யும் அப்பாவின் பெயரெழுத்துகளாக நிற்கும். பெயர் வைப்பதில் அவர்கள் காட்டிய அக்கறை இது.

லோகோ என்ற சொல் வருவதற்கு முன்பே நம் ஊரில் 'மார்க்' இருந்தது. யானை மார்க், கிளி மார்க் என்று கேட்டு வாங்கிய பாட்டிகளுக்குப் படிக்கத் தெரியாது, மார்க் தெரியும். கடைக்கு அனுப்பிய பிள்ளை "அணில் படம் போட்ட சேமியா" என்று கேட்கும். வீட்டிலிருந்து அனுப்பப்படுகிறவர் எதைச் சொல்லிக் கேட்பார் என்பதுதான் அன்றைக்குக் கேள்வி. இன்றைக்கும் அதுதான். தங்க வளையத்துக்குள் தாமரை, நெற்கதிர், ரிப்பன், 'சின்ஸ் 2023' எல்லாம் இருந்தால் அந்தப் பிள்ளை என்னவென்று கேட்கும்?

சிதம்பரத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. மெஸ், ஜெராக்ஸ், ஜவுளி, லாட்ஜ் என்று எங்கே திரும்பினாலும் நடராஜர். பக்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்துக் கடையில் ஒரே திருவுருவம் இருந்தால் அது எந்தக் கடைக்கும் அடையாளம் ஆகாது. (வேடிக்கை என்னவென்றால், நடராஜரைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த வணிகச் சின்னமாக்கியது மும்பையின் ஹிந்துஸ்தான் பென்சில்ஸ்.) சட்டமும் பொதுப் பெயர்களுக்கு எளிதில் தனியுரிமை தராது. 'ராமாயண்' என்ற ஊதுபத்திப் பெயர் பற்றிய வழக்கில், புனித நூலின் பெயரை வணிகச் சின்னமாக யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். பொருள் வரும் ஊரை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவது கடினம். ஆகவே பொதுப் பெயரோடுதான் தொழில் என்றால், பெயரோடு சேரும் சித்திரமும் எழுத்தின் வடிவமும் தனியாக இருந்தே ஆகவேண்டும். பதிவதற்கு மிஞ்சுவது அதுதான்.

உள்ளூரில் லோகோ இல்லாமலே ஓகோவென்று ஓடும் கடைகள் இல்லையா? நிறைய இருக்கின்றன. அங்கே முதலாளியின் முகம்தான் மார்க். சிதம்பரம் கொத்சுக்கு லோகோ ருசி கூட்டப்போவதில்லை. ஆனால் அந்தக் கொத்சுப் பொடி பாக்கெட்டாகி சென்னைக்கு பஸ் ஏறும்போது முதலாளியின் முகம் கூடப் போகாது. பாக்கெட்டிலும் பாதி இடம் சட்டத்துக்கு: பச்சைப் புள்ளி, 14 இலக்க உணவு உரிம எண், எடை, தேதி, விலை. மிச்சமிருக்கும் நான்கு விரல் அகலத்தில்தான் கடை தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

குறைந்த இடத்தில் சொல்வதற்குப் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர் ஒருவரே உதாரணம். ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார் பிறந்தது கள்ளக்குறிச்சியில். அவர் பிறந்தபோது அந்த ஊருக்கும் மாவட்டத் தலைநகர் கடலூர்தான். ஐஐடி மும்பையில் தமிழ் எழுத்துரு பற்றி முனைவர் ஆய்வு செய்தவர். 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்த போட்டியில் தேர்வான அவருடைய குறியை 2010 ஜூலை 15-ல் மத்திய அரசு ஏற்றது. இன்று காய்கறிக் கடைக்காரர் சாக்பீசால் அட்டையில் அதைச் சாதாரணமாக இழுத்துவிட்டுப் போகிறார். ஒரு வண்ணத்தில், கையால், அவசரத்தில் வரைந்தாலும் அடையாளம் குலையாமல் நிற்பதுதான் தொழில் தெரிந்தவர் செய்யும் வேலை. ஃப்ளெக்ஸ் தாமரையை வாட்ஸ்அப் புரொஃபைல் வட்டத்தில் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு மஞ்சள் திட்டு தெரியும், அவ்வளவுதான். ரப்பர் ஸ்டாம்பில் குத்தினால் வெறும் மைக்கறை.

தொழில் தெரிந்தவர் என்றால் சென்னையின் பெரிய விளம்பர நிறுவனம் என்று அர்த்தமில்லை. ஃப்ளெக்ஸ் வந்து காணாமலடித்த போர்டு ஓவியர்கள் அந்த வேலையைத்தான் செய்தார்கள். ஒரு கடை எழுத்துபோல் இன்னொரு கடை எழுத்து இருக்காது. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி சிதம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரம். அங்கே படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடையில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் பார்க்கச் சொன்னாலே பாதி லோகோ முடிந்துவிடும்.

காசு கொடுக்கும்போது இரண்டு காரியங்களை மறக்கக் கூடாது. ஒன்று, வரைந்தவரிடம் பதிப்புரிமையை எழுத்தில் மாற்றி வாங்குவது. அது இல்லாவிட்டால் படம் கடை வாசலிலும் உரிமை வரைந்தவர் கையிலும் நிற்கலாம். கேன்வா போன்ற தளங்களின் பொதுப் படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய அவற்றின் உரிம விதிகளே இடம் கொடுப்பதில்லை. இன்னொன்று, பதிவு. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 ஆண்டு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுக்கொள்வது குற்றம். 'டிஎம்' போடலாம். திறப்பு விழா அன்று வாசலில் கட்டும் சீரியல் லைட்டும் பூ அலங்காரமும் எவ்வளவு ஆகிறது என்பதைக் கடை திறந்தவர்கள் அறிவார்கள்.