முகமூடியைக் கடையில் வாங்கினால் அது கைவேலையா?



போன மாத இதழில் பதினோராம் வகுப்பு அண்ணன் ஒருவர் "ஹாலோவீன் நமக்கு எதற்கு?" என்று சூடாக எழுதியிருந்தார். வெள்ளைக்காரனின் பேய்த் திருவிழாவை நம் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள், இதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். படித்ததும் நானும் சரிதான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்டோபர் 31 அன்று எங்கள் வீட்டில் நடந்த கூத்துக்குப் பிறகு என் கருத்து கொஞ்சம் மாறிவிட்டது.

என் தம்பி இரண்டாம் வகுப்பு. வெளியூரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேனில் போகிறான். "பயமுறுத்தும் வேஷத்தில் வரவும். வீட்டில் செய்த கைவேலை ஒன்று, வீட்டில் செய்த தின்பண்டம் ஒன்று கொண்டு வரவும்" என்று அவன் டைரியில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். "வீட்டில் செய்த" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை. அப்பா தென்காசியில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு முகமூடி வாங்கி வந்தார். விலை 180 ரூபாய். தம்பி அதை மாட்டிக்கொண்டு ஆச்சி முன்னால் போய் "பே...!" என்று கத்தினான். ஆச்சி பயப்படவில்லை. "ஏல, மூச்சு முட்டப் போவுது, கழத்து" என்றாள். கழற்றும்போது எலாஸ்டிக் அறுந்துவிட்டது. பிறகென்ன, ஒரே அழுகை.

அழுகையை நிறுத்த ஆச்சிதான் வழி சொன்னாள். "ஏட்டி, கண்ணு இருக்க செரட்டையா ஒண்ணு எடுத்துட்டு வா." தேங்காய்க்கு மூன்று கண் உண்டு என்று நமக்குத் தெரியும். அது பாதி முகம் ஏற்கெனவே செய்து வைத்த மாதிரி என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது! மூன்றில் ஒரு கண் மட்டும் மெதுவாக இருக்கும், ஆணி வைத்துக் குத்தினாலே திறந்துவிடும். அதுதான் வாய். மற்ற இரண்டும் கெட்டி. அப்பா கம்பியைக் காய்ச்சித் துளை போட்டுக் கொடுத்தார். உச்சியில் கொஞ்சம் நாரை விட்டு வைத்தோம், தலைமுடி ஆயிற்று. சுண்ணாம்பில் பல் வரைந்தான் தம்பி. விளக்கை அணைத்து, சிரட்டைக்குப் பின்னால் அகல் ஏற்றியதும் சுவரில் விழுந்த நிழலைப் பார்த்து செய்தவனே அலறி என் மடியில் ஏறிவிட்டான்.

தின்பண்டத்துக்குக் குக்கர் கேக். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரின் அடியில் மணல் பரப்பி, காஸ்கெட்டும் விசிலும் இல்லாமல் மூடி, உள்ளே மாவுப் பாத்திரத்தை வைத்துச் சின்னத் தீயில் விட வேண்டும். மைதா, சர்க்கரை, தயிர், எண்ணெய், சிட்டிகை சமையல் சோடா, அவித்து மசித்த மஞ்சப் பூசணி. முக்கால் மணி நேரம் ஆகும். நான் நடுவில் டி.வி. பார்க்கப் போய்விட்டதால் அடி கரிந்துவிட்டது. கரிந்ததைச் சுரண்டிவிட்டு அனுப்பினோம். ஒரு துண்டுகூடத் திரும்பி வரவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகு ஹாலோவீனைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அது முதலில் அமெரிக்காவின் பண்டிகையே இல்லையாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது வரும் நாள். அன்றிரவு ஆவிகள் உலாவும் என்று நம்பினார்கள். அங்கே அவர்கள் குடைந்தது பூசணிக்காயை இல்லை. டர்னிப் என்று முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கை. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான பேர் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே பூசணி பெரிதாக, குடைய லேசாகக் கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு விஷயமும் படித்தேன். அயர்லாந்துக்காரர்கள் அந்த நாளுக்கு உலர்ந்த திராட்சை போட்டு ரொட்டி சுட்டு அதற்குள் ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பார்களாம். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்கு அடுத்த வருஷம் கல்யாணம்! (ஆச்சியிடம் சொன்னேன். "பல்லு போனா யாரு கட்டிக்குவா?" என்று கேட்கிறாள்.)

ஆக, அவரவர் ஊரில் விளைந்ததில் அவரவர் கையால் செய்தார்கள். அப்படிப் பார்த்தால் சுந்தரபாண்டியபுரத்தில் அது சிரட்டைதானே? இல்லாவிட்டால் தடியங்காய். புது வீட்டு வாசலில் தடியங்காய்க்கு முழியும் மீசையும் வரைந்து தொங்க விடுகிறோமே, அது யாரைப் பயமுறுத்த? போன ஆகஸ்டில் நாங்கள் நாலு பேர் ஒரு சூரியகாந்திப் பூவில் விதைகளைப் பிடுங்கிக் கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்தோம். அதுவும் அருமையான பேய்தான். தோட்டக்காரர் துரத்தியதால் முடிக்க முடியவில்லை.

வேஷம் போட்டு வீடு வீடாகப் போவதும் நமக்குப் புதுசு இல்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளியாக, குரங்காக, போலீஸாக வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போகிறார்கள். சேலம், நாமக்கல், கரூர் பக்கம் ஆடி முதல் தேதி பிள்ளைகள் தேங்காய் சுடுகிறார்கள். கண்ணைத் துளைத்து வெல்லம், எள், அவல், பொட்டுக்கடலை எல்லாம் திணித்து, குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுவது. அதற்கு ஓவனும் வேண்டாம், குக்கரும் வேண்டாம்.

அண்ணனுக்கு நான் கேட்க நினைப்பது இதுதான். ஹாலோவீனை நிறுத்திவிட்டால் நம் பண்டிகையை நாம் கையால் செய்யப் போகிறோமா? திருக்கார்த்திகை வருகிறது. போன வருஷம் எங்கள் தெருவில் என்ன நடந்தது? தீபாவளிக்கு மிஞ்சின மத்தாப்பு. சில வீட்டில் பேட்டரி அகல். மாவளி சுற்றத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று எங்கள் வகுப்பில் கேட்டேன். தூக்கியது இரண்டு பேர், அதில் ஒருவன் பாதியில் கையை இறக்கிக்கொண்டான். எனக்கும் தெரியாது, அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆச்சியிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆண் பனையின் பூ காய்ந்து மரத்தடியில் விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கிக் குழியில் போட்டுத் தீ வைத்து, சாம்பலாகும் முன் மண்ணால் மூடிவிட வேண்டும். மூடத் தாமதித்தால் கரி கிடைக்காது. ஆறிய கரியை நைசாகப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் நீளமான பை தைத்து நிரப்பிக் கட்ட வேண்டும். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் அதை வைத்து இறுக்கி, கயிறு கட்டி, மேலே ஒரு கங்கு வைத்துச் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். மட்டையின் கருக்கு கையைக் கிழித்துவிடும், அதனால் சீவுவதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். சுற்றும்போதும் ஒருத்தர் பக்கத்தில் நிற்க வேண்டும், வைக்கோல் படப்புப் பக்கம் போகவே கூடாது.

அதே பனையின் குருத்தோலையில் பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப் பூ, சுக்கு, ஏலம் பிசைந்து வைத்து, ஓலையை மடித்துக் கட்டி, இட்லிக் கொப்பரையில் அவித்தால் ஓலைக் கொழுக்கட்டை. ஓலை வாசம் மாவில் இறங்கியிருக்கும். இதை எந்தப் பேக்கரியிலும் வாங்க முடியாது. "ஆம்பளப் பிள்ளைக மாவளி சுத்தட்டும், நீங்க கொழுக்கட்டைக்கு மாவு பிசைங்க" என்று எங்கள் சித்தப்பா இப்போதே ஆரம்பித்துவிட்டார். இந்த வருஷம் மாவு பிசைவது தம்பி, சுற்றுவது நான்.

பிரச்சினை ஓலைக்குத்தான். குளத்தங்கரையில் பனை நிற்கிறது, ஏறிக் குருத்து வெட்டித் தர ஆளில்லை. அது நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். மரம் நிற்கும், சரி. ஏறத் தெரிந்த தாத்தா ஒருத்தர் எங்கள் தெருவில் இருக்கிறார், அவருக்கு இப்போது முழங்கால் வலி. பக்கத்து ஊரில் இருந்து ஆள் வரவழைத்து இரண்டு குருத்துக்கு ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கரி மூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுப் புறவாசலில். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவாள். வருகிறவர்கள் ஒரு பழைய வேட்டித் துண்டும் சணல் கயிறும் கொண்டு வாருங்கள். தம்பி அவனுடைய வேன் நண்பர்களையும் சிரட்டைப் பேயையும் கூட்டி வருகிறான். போன மாதம் எழுதிய அண்ணனும் அவசியம் வர வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி